யோகாவின் வெட்டாத மீன்

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் வாரத்தில், நான் பௌதிகவியல் படிப்பிக்கும் எங்கள் பாடசாலை ஒரே சந்தைக்கடையாக இருக்கும். உயர்தரத்துக்கு எந்தப் பாடம் எடுப்பது என்று பிள்ளைகள் ஒரு பக்கம் முழிப்பார்கள். பிள்ளைகளைவிட அதிகமாகக் கலங்கிப்போன தாய் தகப்பன்மார் இன்னொரு பக்கம் நிற்பார்கள். இந்த வருடமும் அப்படித்தான். ஆய்வுகூட வாசலில் ஒரு தாய் என்னைப் பிடித்துக்கொண்டு, உயிரியல் எடுத்தால் பிள்ளை கட்டாயம் டொக்டர் ஆகிவிடுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது கதிர்வேல் மாமாவிடமிருந்து தொலைபேசி வந்தது. என் சிநேகிதி யோகலெட்சுமியின் அப்பா அவர். "சுபா, யோகா போயிருச்சும்மா" என்றார். அந்தத் தாய் பதிலுக்காக அங்கேயே நின்றார். அவரிடம் என்ன சொல்லி அனுப்பினேன் என்பது சத்தியமாக எனக்கு நினைவில்லை.

யோகாவைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்களோடு படித்தவர்கள் அவளை வத்தேகம பஸ் கண்டக்டரின் மகளாக அறிவீர்கள். கடலோரத்தில் அவளோடு வேலை செய்தவர்கள், கடற்புல்லையும் முருகைக்கல் என்னும் பவளப்பாறையையும் பற்றி மூச்சுவிடாமல் பேசும் ஆராய்ச்சியாளராக அறிவீர்கள். எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அவள் 'மீன் மிஸ்'. வருடம் தவறாமல் பெறுபேறு வரும் வாரத்தில் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து, பாடம் தெரிவு செய்யும் பிள்ளைகளோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். பையில் கட்டாயம் ஒரு மீன் இருக்கும். அந்த மீனின் கதையைச் சொன்னால்தான் அவளைச் சொன்னதாகும்.

அப்போது எங்களுக்குச் சாதாரண தரம் முடிந்திருந்தது. நான் கெலிஓயாவிலிருந்து வருவேன், அவள் வத்தேகமவிலிருந்து வருவாள். கண்டியில் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. விடுமுறையில் ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிப் படிக்கப் போவதாக அவள் திடீரென்று சொன்னாள். எங்கேயோ ஒரு பழைய சஞ்சிகையில் படம் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். கடலையே பார்க்காதவளுக்குக் கடலில் என்னடி வேலை என்று நான் சிரித்தேன். மீனைக் கூட நீ குழம்புச் சட்டிக்குள்தானே பார்த்திருக்கிறாய் என்றேன். அந்தப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. அன்றைக்கே மாமாவிடம் போய், வெட்டிப் பார்த்துப் படிக்க ஒரு முழு மீன் வேண்டும் என்று கேட்டாள்.

மாமா மறுநாள் கண்டிச் சந்தையில் நல்ல பாரை மீனாகப் பார்த்து வாங்கி, பஸ்ஸின் முன் இருக்கைக்குக் கீழே வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் இருவரும் ஒரு சவர அலகை வைத்துக்கொண்டு பின் முற்றத்தில் உட்கார்ந்தோம். புத்தகத்தில் இதயம், ஈரல், குடல் எல்லாம் படமாகப் போட்டு அம்புக்குறி வைத்திருந்தது. எங்கள் மீனுக்குள் ஒன்றுமே இல்லை. வயிற்றில் தேடினோம், வாலில் தேடினோம், முதுகைக் கூடப் பிளந்து பார்த்தோம். கடைசியில் யோகா நிமிர்ந்து, "இந்த மீனுக்கு இதயமே இல்லடி" என்றாள். நானும் ஆமாம் என்றேன். விஞ்ஞானத்தில் விசேட சித்தி எடுத்த இரண்டு பேர் சேர்ந்து செய்த கண்டுபிடிப்பு அது.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அவள் அம்மாதான் விஷயத்தை உடைத்தார். மகள் கையை நாறடித்துக்கொள்ளக் கூடாது என்று மாமா கடைக்காரரிடம் சொல்லி, செவுள் குடல் எல்லாம் எடுத்து, சுத்தமாகக் கழுவி வாங்கி வந்திருக்கிறார். மலைநாட்டில் எங்கள் வீடுகளுக்குள் மீன் அப்படித்தான் வரும். வெட்டிக் கழுவித் தாருங்கள் என்று சொல்லாமல் யாரும் வாங்குவதில்லை. வயிறு ஏற்கெனவே கீறியிருந்ததைப் பார்த்தும் எங்களுக்குச் சந்தேகம்கூட வரவில்லை. மாமா மாலையில் வந்து, மீன் எப்படி இருந்தது, பாடம் விளங்கியதா என்று ஆசையாகக் கேட்டார். யோகா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு, "நல்லா விளங்குச்சுப்பா" என்றாள். அன்றிரவு அந்தப் பாரையைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம்.

பெறுபேறு வந்தது, பாடம் தெரிவு செய்யும் நாளும் வந்தது. உயிரியலும் இரசாயனவியலும் எடுப்பவர்கள் மூன்றாவதாகப் பௌதிகவியல் அல்லது விவசாய விஞ்ஞானம் எடுக்கலாம். எங்கள் பௌதிகவியல் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போயிருந்தார். வேறு ஆசிரியர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. பகுதித் தலைவர் நல்ல மனிதர், பிள்ளைகள் சித்தியடைய வேண்டும் என்ற எண்ணத்தில்தான் எல்லோரையும் விவசாயத்தின் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். யோகா மட்டும் பௌதிகவியல்தான் வேண்டும் என்றாள். டொக்டருக்கா என்று கேட்டார். இல்லை, கடலுக்கு என்றாள். "கண்டியில கடலுக்கு எங்கம்மா போறது? ஒரு குளந்தானே இருக்கு" என்று அவர் சொன்னதும் அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். யோகா மேசைக்கு முன்னால் அப்படியே நின்றாள். அவளுக்கு வாக்குவாதம் வராது. ஆனால் நிற்க வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால், விடியவிடிய நிற்பாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியதும் அவர் பௌதிகவியல் என்றே எழுதிக்கொண்டார். அவளைத் தனியாக விட மனமில்லாமல் நானும் அதையே எடுத்தேன். என் வாழ்க்கைத் தொழில் அந்த வரிசையில்தான் முடிவானது.

வீட்டில் வேறு கதை. எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை உயிரியல் பிரிவில் சேர்ந்தாலே அதை டொக்டர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மாமா பஸ்ஸில் வந்த அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார். "இஸ்ஸரஹாட்ட யன்ன" என்று சிங்களத்தில் சொல்லிச் சனத்தை முன்னால் தள்ளிக்கொண்டே, இடையில் மகளின் படிப்பையும் சொல்வார். யோகா ஏறினால் கிழவிகள் டொக்டரம்மா வருகிறது என்று இடம் கொடுப்பார்கள், அவள் கூனிக்குறுகிப்போவாள். டொக்டருக்கும் பௌதிகவியல் வேண்டும் என்பதால் கண்டியில் டியூஷனுக்கு அனுப்ப மாமா ஒரு நொடி யோசிக்கவில்லை. அப்பாவும் மகளும் ஒரே பஸ்ஸில் வேறு வேறு ஊருக்கு டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த நான் இரண்டு பேருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பௌதிகவியல் அவளுக்கு வரவேயில்லை. உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள இப்போது அவள் இல்லை. தண்ணீரில் அமிழும் கட்டை, மேலுதைப்பு என்று ஒரு கணக்கு வந்தால் அவள் அரை நாள் அதிலேயே கிடப்பாள். டியூஷன் முடிந்து வாவிக் கரையில் உட்கார்ந்து நான் விளக்குவேன். விளங்காவிட்டால் எனக்குத்தான் ஆத்திரம் வரும், அவளுக்கு வராது. "இதே மேலுதைப்புலதானடி ஒரு திமிங்கிலம் மெதக்குது" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து போடுவாள். அந்த நாட்களில் அவள் சொன்ன ஒன்றைத்தான் பிற்காலத்தில் ஒவ்வொரு பிள்ளையிடமும் சொன்னாள்: "சுலபமா வர்ற பாடத்தத் தேடாத. எதுல மாட்டிக்கிட்டு முழிச்சாலும் உனக்கு வெறுப்பு வரலையோ, அத எடு." பரீட்சைக்குள் அவள் எப்படியோ அந்தப் பாடத்தையும் மடக்கிவிட்டாள்.

உயர்தரப் பெறுபேறு வந்தபோது மருத்துவத்துக்குப் போகக்கூடிய புள்ளி அவளுக்கு இருந்தது. அங்கேதான் வினை. புள்ளி குறைவாக வந்திருந்தால் மாமா விதியைத் திட்டிவிட்டு விட்டிருப்பார். யோகா தன் முடிவை ஒளிக்க விரும்பவில்லை. ஒரு நாள் மத்தியானம் ஆள் குறைந்த நேரம் பார்த்து, பஸ்ஸின் முன்வாசலில் நின்றுகொண்டே சொல்லிவிட்டாள். நான் பின்னால் இரண்டாவது இருக்கையில் இருந்தேன். "அப்பா, நான் டொக்டருக்குப் போகல. கடல் படிப்புக்குத்தான் போறேன்" என்றாள். மாமா பக்கத்திலிருந்தவருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார், சில்லறை எண்ணிக் கொடுத்தார், அடுத்த தரிப்பிடத்தின் பெயரைச் சொன்னார். அன்றிலிருந்து மகளிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பிட்டாளா என்று கேள், எப்போது கிளம்புகிறாளாம் என்று கேள் என்று எல்லாமே அம்மா வழியாகத்தான். யோகா தெற்கே கடலோரப் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகும் அது மாறவில்லை. அவள் அழுது நான் பார்த்தது அந்தக் காலத்தில்தான். படிப்பு கஷ்டம் என்று ஒரு நாளும் அழவில்லை, அப்பா பேசமாட்டேன் என்கிறார் என்றுதான் அழுதாள்.

ஒரு விடுமுறையில் அவளே அப்பாவையும் அம்மாவையும் கடற்கரைக்கு அழைத்துப் போனாள், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். மாமா அதற்கு முன் கடலைக் கண்டதில்லை. சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காற்சட்டையை மடித்துவிட்டு, அலை வந்து திரும்புவதை வெகுநேரம் பார்த்தார். கடைசியில் அவளை நேராகப் பார்த்து, "இதுல நீ எந்த எடத்துலம்மா வேலை செய்வ?" என்று கேட்டார். யோகா கையை நீட்டிக் காட்டினாள். ஆழமா என்றார். "இல்லப்பா, இடுப்பளவுதான்" என்றாள். நீந்தத் தெரியாத மலைநாட்டுப் பெண் அப்போதுதான் நீச்சல் பழகி, தண்ணீர் குடித்து, மூச்சுத் திணறி, இரண்டு பனை ஆழத்துக்கு இறங்கத் தொடங்கியிருந்தாள். மாமா தலையை ஆட்டி, அப்படியென்றால் சரி என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். அதற்குப் பிறகு வத்தேகம பஸ்ஸில் கதை மாறியது. மகளுக்குக் கடலில் வேலை, ஆனால் இடுப்பளவு தண்ணீரில்தான் என்று எல்லோருக்கும் சொல்வார்.

படித்து முடித்து அவள் கிழக்கிலும் தெற்கிலும் கடலோரங்களில் வேலை செய்தாள். நான் பௌதிகவியல் ஆசிரியையாகி எங்கள் பழைய பாடசாலைக்கே வந்து சேர்ந்தேன். அடுத்த பெறுபேற்று வாரத்தில் ஆய்வுகூட வாசலில் வந்து நிற்கிறாள், கையில் ஒரு பையும், பைக்குள் ஒரு வெட்டுப் பலகையும் மீனும். கடல் படிக்க வேண்டும் என்று எந்தப் பிள்ளை சொன்னாலும் முதலில் மீனை வெட்டச் சொல்வாள். வாடை பிடிக்காமல் ஓடுபவர்களை ஒன்றும் சொல்லமாட்டாள். மிஞ்சியவர்களோடுதான் பாடத்தைப் பற்றிப் பேசுவாள். உயிரியலை மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு கடலுக்குள் போக முடியாது, உப்பும் அமிலமும் இரசாயனம், அலையும் அழுத்தமும் பௌதிகவியல், ஒரு பாறையில் எத்தனை மீன் என்று மதிப்பிடுவதற்குக் கணிதம் என்பாள். ஆங்கிலத்தில் வாசிக்காமல் தப்ப முடியாது என்று பயமுறுத்துவாள். பாடசாலையில் அவள் தூங்கி வழிந்த ஒரே பாடம் இரண்டாம் மொழிச் சிங்களம். தெற்கே படகுக்காரர்களிடம் காற்று எந்தப் பக்கம் என்று கேட்பதற்கு அதுதான் தேவைப்பட்டது, அந்த வகுப்பில் தூங்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் கெஞ்சாத குறையாகச் சொல்வாள். டொக்டர் ஆகாவிட்டால் தோற்றதாகிவிடுமா என்று ஒரு பிள்ளை கேட்டபோது மட்டும் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். "நான் தோத்த ஆளு மாதிரியா இருக்கேன்?" என்று திருப்பிக் கேட்டாள். ஆய்வுகூடம் நாறுகிறது என்று அதிபர் வருடா வருடம் என்னிடம் சண்டை பிடிப்பார், அவளிடம் சிரித்துப் பேசுவார்.

போன வருடம் அவளால் வர முடியவில்லை. புற்றுநோய் என்று தெரிந்து வைத்தியம் தொடங்கியிருந்தார்கள். இந்த வருடம் ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். கடைசியாக நான் பார்க்கப் போன அன்று, பெறுபேறு எப்போது வருகிறது, கடல் கேட்டு யாராவது இருக்கிறார்களா என்றுதான் முதலில் விசாரித்தாள். பத்தாம் வகுப்பிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கும் ஒருத்தி இருக்கிறாள், அலவத்துகொடவிலிருந்து வரும் நஸ்ரின் என்றேன். அவள் முகம் மலர்ந்தது. "மீன நீயே வாங்கிட்டுப் போ. கடையில வெட்டித் தரச் சொல்லிராத" என்றாள். இருவரும் சிரித்தோம். சிரித்த பிறகு அவளுக்கு வலித்தது, நான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிரிப்புத்தான் எங்களுக்குள் கடைசிப் பேச்சு.

சாவு வீட்டில் வத்தேகம பஸ்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு, பிரயாணிகளும் இறங்கி வந்து ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனார்கள். கடலோரத்திலிருந்து அவளோடு வேலை செய்தவர்கள் வந்தார்கள். அவள் எவ்வளவு ஆழத்துக்கு இறங்குவாள், எவ்வளவு நேரம் கீழே இருப்பாள் என்று ஒரு பையன் அழுதுகொண்டே மாமாவிடம் சொல்லிவிட்டான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமா என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "இடுப்பளவுன்னு அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு எனக்குத் தெரியும் சுபா. நம்புன மாதிரியே இருந்துட்டேன். இல்லாட்டி அது என்னய நெனச்சுப் பயந்துகிட்டே தண்ணிக்குள்ள எறங்கும்." அதைக் கேட்டுத்தான் நான் அன்று உடைந்து அழுதேன்.

பாடசாலைக்குத் திரும்பினேன். பாடம் தெரிவு செய்யும் நாட்கள் இன்னும் முடிந்திருக்கவில்லை. யோகா சொன்னபடி மீன் வாங்க வேண்டும் என்று சந்தைப் பக்கம் போனேன், கடை வாசல்வரைகூடப் போனேன். ஐஸ் கட்டியில் கிடந்த மீன்களைப் பார்த்ததும் வாங்காமலே வந்துவிட்டேன். இந்த வருடம் வேண்டாம், இனி எந்த வருடமும் வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டேன். அவள் இல்லாத இடத்தில் நான் போய் மீன் வெட்டிக் காட்டுவது நாடகம் மாதிரி இருக்கும் என்று பட்டது. நஸ்ரின் மறுநாள் காலையிலேயே வந்து ஆய்வுகூட வாசலில் நின்றாள். பெறுபேறு நன்றாக இருந்தது. வீட்டில் வாப்பா மருத்துவம்தான் என்கிறார், மருத்துவத்துக்கும் கடலுக்கும் மூன்று பாடமும் ஒன்றுதானே மிஸ், பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். மீன் மிஸ் வரமாட்டாங்களா என்றும் கேட்டாள். அவளுக்குச் செய்தி தெரிந்திருக்கவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

அப்போதுதான் கதிர்வேல் மாமா படியேறி வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் கண்டக்டர் காக்கி மேற்சட்டையை அவர் விடவில்லை. கையில் பை, அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டு வந்தது. சின்ன வயதிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், பிள்ளை நிற்பதைப் பார்த்து முதல் தடவையாக டீச்சர் என்றார்.

"மீன் வாங்கியாந்திருக்கேன் டீச்சர். வெட்டாம, கழுவாம, அப்படியே குடுன்னு சொல்லி வாங்குனேன். கடைக்காரன் என்னய ஒரு மாதிரி பாத்தான்."

யோகா ஆஸ்பத்திரியில் வைத்து அந்தப் பழைய பாரையின் கதையை அவரிடம் சொல்லியிருக்கிறாள். அதுவரை அவருக்குத் தெரியாது. மகளுக்குப் பாடம் விளங்கியது என்றே இத்தனை காலமும் நம்பியிருந்திருக்கிறார். யோகா ஆய்வுகூட அலுமாரியில் விட்டுப்போயிருந்த பலகையை எடுத்துப் போட்டேன். நஸ்ரினிடம் செய்தியைச் சொன்னேன். பிள்ளை கொஞ்ச நேரம் அழுதது. பிறகு முந்தானையில் துடைப்பது மாதிரி பர்தா முனையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தியைக் கேட்டு வாங்கியது. வயிற்றில் தேடியவளைச் செவுளுக்குக் கீழே பார் என்றேன். சின்னதாக, கருஞ்சிவப்பாக, இதயம் இருந்தது. மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதத்தானா அன்னைக்கு ரெண்டு பேரும் தேடுனீங்க?" என்றார்.

ஆமாம் மாமா என்றேன். நஸ்ரினின் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அவரிடம் நான் பேசுவதைவிட மாமா பேசுவதுதான் சரி என்று தோன்றுகிறது, மாமாவும் ஒத்துக்கொண்டார். யோகாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் வாடை போகாத அந்தப் பலகை. அதை நான் வைத்துக்கொள்கிறேன். வருடா வருடம் மீன் வாங்கி வருவது தன் வேலை என்று மாமா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.